பழைய தட்டும் புதிய கணினியும்

வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழர் வீட்டுப் பரண்களை ஆராய்ந்தால், ஊரிலிருந்து வந்த பித்தளை அண்டாவுக்கும் மடித்துக் கட்டிய பழைய ஜமக்காளத்துக்கும் இடையே இன்று மற்றொரு பொருளும் காணப்படும். அது சாம்பல் நிறத் தகரப் பெட்டியோடு கூடிய பழைய கணினி. அதனை விற்கவும் மனம் வராது. எறியவும் மனம் வராது. காரணம் கேட்டால், "அதில் என்னவோ இருக்கிறது" என்பார்கள். அந்த 'என்னவோ' எங்கே தங்கியிருக்கிறது, அதனைப் புதிய கணினிக்கு எடுத்துச் செல்லும் வழி எவ்வாறு உண்டாயிற்று என்பதே இப்பேச்சின் பொருள்.

நமக்கு இப்பொருளில் அக்கறை பிறந்த கதையை முதலில் கூறிவிடுதல் முறை. தில்லியில் நாம் வளர்ந்த குடியிருப்பில், 2001ஆம் ஆண்டில், நாமும் நண்பர் மூவரும் கல்லூரி மாணவர்களாய் இருந்தபோது ஒரு காரியத்தில் இறங்கினோம். விடுதலைக்கு முன்னும் பின்னும் தில்லி வந்து சேர்ந்த தமிழ் முதியவர்களை வீடு வீடாகச் சென்று கண்டு, அவர்கள் வந்த கதையைக் கேட்டு எழுதினோம். யுத்த காலத்தில் அரசாங்க அலுவலகங்கள் பெருகியபோது குமாஸ்தா வேலைக்கு உத்தரவு பெற்று வந்தவர் சிலர். மணமாகிக் கணவர் பின்னே வந்தவர் சிலர். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் காப்பிப் பொடித் தகரத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த கதையும், முதற் குளிர்காலத்தில் தேங்காயெண்ணெய் உறைந்து கல்லாய்ப் போனதைக் கண்டு அழுத கதையும் அவற்றுள் உண்டு. இருபத்தேழு பேர் சொன்னவற்றை, நேரு பிளேஸ் கடைவீதியில் உதிரிப் பாகங்களை வாங்கிச் சேர்த்து அமைத்த கணினி ஒன்றில் தமிழில் தட்டச்சு செய்து வைத்தோம். அச்செடுத்த பிரதி ஒன்றே ஒன்று. அது ஒரு மழைக்காலத்தில் சுவர்க் கசிவுக்கு இரையாயிற்று. கையெழுத்துக் குறிப்பேடுகளோ வீடு மாறும் போதெல்லாம் ஒவ்வொன்றாய் மறைந்தன. அந்த இருபத்தேழு பேரில் இன்று உயிரோடு இருப்பவர் நால்வர்.

ஆதலின், அவ்வளவு பேச்சும் ஒரு தகரப் பெட்டிக்குள், உள்ளங்கையளவே உள்ள ஓர் உலோகச் செங்கல்லில் அடங்கியிருந்தது. அந்தக் கணினி 2006-இல் இயங்காமல் போயிற்று. பரணில் ஏற்றினோம், மறந்தோம் என்றே சொல்ல வேண்டும். விண்டோஸ் 10 என்னும் இயக்க மென்பொருளுக்கான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு பொதுவாக முடிந்தது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி வீட்டுக் கணினிக்கு இல்லை என்று தெரிந்தபோது, எத்தனையோ வீடுகளைப் போலவே நாமும் புதியது ஒன்று வாங்கினோம். பழையதை வைக்க இடம் தேடிப் பரணைத் திறந்தபோதுதான், அதனினும் பழையது கண்ணில் பட்டது.

உள்ளேயிருந்த தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைவீதிக்குச் சென்றோம். கடைக்காரர் இளைஞர்; அந்தத் தட்டு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவர் பள்ளிக்குச் செல்லும் வயதினராய் இருந்திருப்பார். தட்டின் பின்புறத்தில் இரு வரிசையாய் நிற்கும் ஊசிகளைப் பார்த்துவிட்டு, "இந்தப் பட்டை வயரைச் செருகப் புதிய போர்டில் இடமே கிடையாதே, ஐயா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் ஏறத்தாழ எழுபது ஆண்டு வரலாறு நிற்கிறது.

ஹார்டு டிஸ்க் என்று கடையில் வழங்குவதை வன்தட்டு என்று தமிழில் எழுதுகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்தச் சொல்லில் ஒரு வேடிக்கை புலப்படுகிறது. தட்டு முதலில் தோன்றியபோது அதற்கு 'வன்' என்ற அடைமொழி தேவைப்படவில்லை. அது வெறும் தட்டாகவே இருந்தது. வளையும் தன்மையுள்ள பிளாப்பித் தட்டு பின்னர் வந்ததனால், முன்னிருந்தது வன்தட்டு ஆயிற்று. சீமைத் தக்காளி வந்த பிறகே நம் தக்காளி நாட்டுத் தக்காளி ஆனதைப் போல.

அந்த முதல் தட்டின் ஆண்டு 1956. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஹோசே நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. ரெனால்ட் ஜான்சன் என்பார் தலைமையில் அங்கு உழைத்த பொறியாளர்கள், 305 ராமாக் என்னும் கணினியின் உறுப்பாக 350 என்ற எண்ணிட்ட சேமிப்புக் கருவியை உருவாக்கினர். 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது, ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோக்கப்பட்டு, நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. கருவியின் எடை ஒரு டன்னுக்கு மேல். ராமாக் கணினியின் மாத வாடகை 3,200 டாலர். இத்தனைக்கும் அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகளே. நம் பரணிலிருந்து இறங்கிய தட்டு 40 கிகாபைட். அந்த ஒரு டன் கருவியைப் போல் ஏறத்தாழ எட்டாயிரம் மடங்கு கொள்ளக்கூடியது.

எனினும் அளவில் இல்லை அதன் சிறப்பு. அதற்கு முன் தகவல்கள் துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் இருந்தன. நாடாவின் நடுவில் உள்ளதைப் படிக்க வேண்டுமானால் தொடக்கத்திலிருந்து ஓட்டிச் செல்ல வேண்டும். தட்டிலோ, படிக்கும் முனை வேண்டிய இடத்துக்கு நேரே சென்று நிற்கும். அந்த முனை தட்டைத் தொடுவதில்லை; காற்றுப் படலம் ஒன்றின்மேல் மிதக்கிறது. 1956-இல் அந்த இடைவெளி 20 மைக்ரான் அளவு, அதாவது தலைமயிரின் தடிப்பில் சிறு பகுதி. இப்போதைய தட்டுகளில் அது சில நானோமீட்டர். தூசு ஒன்று புகுந்தாலும் முனைக்கு மலையாகும். பழுதான தட்டின் மூடியை வீட்டில் திறந்து பார்க்கலாகாது என்பது இதனால்தான்.

ராமாக் தட்டை யாரும் கழற்றி மற்றொரு கணினியில் பொருத்த எண்ணியதில்லை. அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்தது 1962-இல் ஐ.பி.எம். வெளியிட்ட 1311 என்னும் கருவி. ஆறு தட்டுகள் கொண்ட அடுக்கைப் பிடியோடு தூக்கி எடுக்கலாம். எடை பத்துப் பவுண்டுக்கும் குறைவு. 20 லட்சம் எழுத்து கொள்ளும். பார்ப்பதற்கு மூடியிட்ட கேக் தட்டைப் போன்றிருந்த இந்த அடுக்கை ஓர் இயந்திரத்திலிருந்து எடுத்து வேறோர் இயந்திரத்தில் வைத்துப் படிக்க முடிந்தது. நாம் இன்று பேச வந்த காரியத்தின் தொடக்கம் இதுவே எனலாம்.

ஆனால் ஒரு தொல்லை. பயணம் செய்தது தட்டு மட்டுமே. படிக்கும் முனை இயந்திரத்திலேயே தங்கிவிட்டது. ஓர் இயந்திரத்தின் முனை எழுதிய தடத்தின் மீது மற்றோர் இயந்திரத்தின் முனை மயிரிழை பிசகாமல் வந்து நிற்க வேண்டும். முனைகள் சற்றே விலகியிருந்தால், ஓரிடத்தில் எழுதியது வேறிடத்தில் படிக்கப்படாது. பொறியாளர்கள் அளவுத் தட்டு ஒன்றைக் கொண்டு முனைகளைச் சீர்செய்துகொண்டே இருக்க நேர்ந்தது. தடங்கள் நெருங்க நெருங்க இத்தொல்லையும் வளர்ந்தது.

இதற்குத் தீர்வு 1973-இல் வந்தது. வின்செஸ்டர் என்ற செல்லப்பெயர் பெற்ற 3340 கருவியில், தட்டும் முனையும் ஒரே உறைக்குள் மூடி முத்திரையிடப்பட்டன. எழுதிய முனையே என்றும் படிக்கும். முப்பது முப்பதாக இரண்டு பகுதிகள் கொண்ட கருவியாக அது திட்டமிடப்பட்டதால், 30-30 என்று வழங்கிய துப்பாக்கியின் பெயரைத் திட்டத் தலைவர் கென்னத் ஹாட்டன் அதற்கு இட்டார் என்பர். நம் நாட்டில் சென்னை ஐ.ஐ.டி. தன் புகழ்பெற்ற 370/155 கணினியை நிறுவியதும் அதே 1973-இல்தான்; அந்நாள் மாணவர்கள் துளையட்டைக் கட்டுகளைச் சுமந்துகொண்டு அதன் வாயிலில் காத்து நின்றார்கள்.

ஆக, தட்டோடு முனையும் பயணம் செய்யலாயிற்று. இன்னும் ஒன்று பின்தங்கியிருந்தது. அது முனையை நடத்தும் மூளை.

1980-இல் ஆலன் ஷுகார்ட்டும் அவர் தோழர்களும் தொடங்கிய நிறுவனம், பின்னாளில் சீகேட் எனப் பெயர் பெற்றது, எஸ்.டி. 506 என்னும் 5 மெகாபைட் தட்டை விற்பனைக்கு விட்டது. ஐந்தேகால் அங்குல அளவினதாகையால் மேசைக் கணினிக்குள் அது அடங்கியது. 1983-இல் ஐ.பி.எம். தன் எக்ஸ்.டி. கணினியில் 10 மெகாபைட் தட்டை வைத்தபின், இவ்வகைத் தட்டுகள் உலகெங்கும் பரவின. இவற்றை நடத்தும் மின்சுற்றுப் பலகை தட்டில் இல்லை. கணினியின் உள்ளே தனியே செருகப்பட்டிருந்தது. இரண்டு பட்டை வயர்கள் இரண்டையும் இணைத்தன. தட்டில் காந்தக் குறிகளை எந்த ஒழுங்கில் இடுவது என்பதை அந்தப் பலகையே தீர்மானித்தது. பலகைக்குப் பலகை ஒழுங்கு மாறியது. ஆகவே தட்டை மட்டும் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால், பெரும்பாலும் அது வெறும் தட்டாகவே நின்றது. பலகையையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். இல்லையேல் தட்டை மறுபடி ஒழுங்கிட வேண்டும். மறுபடி ஒழுங்கிட்டால் உள்ளிருந்தது அழியும்.

அந்த மூளையையும் தட்டின் முதுகிலேயே ஏற்றிய ஆண்டு 1986. காம்பாக் நிறுவனம் தன் கணினிகளுக்காக வெஸ்டர்ன் டிஜிட்டல், கண்ட்ரோல் டேட்டா ஆகிய நிறுவனங்களோடு சேர்ந்து இவ்வேற்பாட்டைச் செய்தது. ஐ.டி.இ. என்று கடைவீதி அறிந்த பெயர் இதற்கே உரியது. இனி, கணினி தட்டின் அந்தரங்கங்களை அறிய வேண்டியதில்லை. "இன்ன இடத்தில் உள்ளதைக் கொடு" என்று கேட்டால் போதும், மற்றவற்றைத் தட்டே கவனித்துக்கொள்ளும். இடத்தைக் குறிப்பிடும் முறையில் கணினிக்குக் கணினி வேற்றுமை இருந்தமையால் சில காலம் குழப்பம் நீடித்தது. ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண் இட்டு அழைக்கும் வழக்கம் பரவியபின் அதுவும் அடங்கிற்று. 1994-இல் இம்முறை அமெரிக்கத் தர நிர்ணயமாக அச்சேறியது.

நம் வீட்டு மேசையில் பழைய தட்டைப் புதிய கணினியோடு இணைப்பதை இன்று சாதாரணக் காரியமாக்கியது, பின்னர் வந்த எந்த வேகமும் அன்று. 1986-இன் அந்தச் சிறு மாற்றமே என்பது நம் கருத்து. விளம்பரங்கள் என்றும் கொள்ளளவையும் வேகத்தையுமே பேசின. படிக்கத் தெரிந்தவனையும் சுவடியோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தியை யாரும் பறைசாற்றவில்லை.

ஐ.டி.இ. தட்டின் நாற்பது ஊசிகளுக்குரிய அகன்ற பட்டை வயர் காற்றோட்டத்தை மறைத்தது. வேகம் கூடக் கூட இணையாகச் செல்லும் குறிகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. 2003 முதல் சாட்டா என்ற ஒல்லியான ஏழு கம்பி இணைப்பு அதன் இடத்தைப் பிடித்தது. சில ஆண்டுகளில் பழைய இணைப்பு புதிய பலகைகளிலிருந்து நீங்கியது. கடைக்காரர் சொன்னது இதைத்தான். ஆனால் தட்டு தன் மூளையைத் தன்னிடமே வைத்திருப்பதால், இடையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தால் போதும்: ஒரு பக்கம் நாற்பது ஊசி, மறுபக்கம் யூ.எஸ்.பி. செருகி கொண்ட சிறு மாற்றி. சில நூறு ரூபாய்க்கு அது கிடைத்தது. தம் தொழிலைச் செய்யும் கருவி ஒன்றைக் கண்டதில் நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைக் கடைக்காரர் புரிந்துகொண்டிருக்க மாட்டார்.

இவ்விடத்தில், இதே காரியத்தில் இறங்க விரும்பும் நேயர்களுக்காக நாம் பட்டறிந்தவற்றைக் கூறுவோம். மேசைக் கணினியின் பெரிய தட்டு சுழல்வதற்குப் பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் வேண்டும், யூ.எஸ்.பி. செருகி அதைத் தராது. தனி மின்பெட்டியோடு வரும் மாற்றியைக் கேட்டு வாங்க வேண்டும். மடிக்கணினியின் சிறு தட்டுக்கு இத்தேவை இல்லை. ஆனால் அதன் ஊசிகள் நெருக்கமானவை, வேறு செருகி வேண்டும். பழைய தட்டின் பின்புறத்தில் ஊசிகளுக்கருகே ஜம்பர் என்னும் சிறு பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். ஒரே வயரில் இரண்டு தட்டுகள் தொங்கிய காலத்தில், எது முதல், எது இரண்டாவது என்பதை அது குறித்தது. மாஸ்டர், ஸ்லேவ் என்று அவற்றுக்குப் பெயரிட்டிருந்தார்கள். அச்சொற்களைத் தமிழாக்க நம் கை கூசுகிறது. தர நிர்ணய ஏடுகளே பின்னர் அவற்றைக் கைவிட்டு 0, 1 என்று எண்ணிட்டன. மாற்றியில் தட்டு தெரியவில்லையெனில் பெரும்பாலும் இந்த மூடியே காரணம். தட்டின்மேல் ஒட்டிய படத்தைப் பார்த்து அதனை முதல் நிலையில் வைக்க வேண்டும். நாம் இதை அறியாமல் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினோம்.

மின்சாரம் கொடுத்தபின் சீராகச் சுழலும் ஓசை கேட்டால் நல்லது. டக், டக் என்று விட்டு விட்டு அடித்தால் உடனே அணைத்து, தகவல் மீட்கும் தொழில் அறிந்தவரிடம் கொடுக்க வேண்டும். மீண்டும் மீண்டும் முயல்வது முனையால் தட்டைச் சுரண்டுவதாகும். தட்டு தோன்றியும் உள்ளே உள்ளவை தோன்றாமல், "ஒழுங்கிடட்டுமா" என்று கணினி கேட்கக் கூடும். எக்காரணம் கொண்டும் ஒப்புதல் அளிக்கலாகாது. "அனுமதி இல்லை" என்று மறுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. 1993-இல் வந்த என்.டி.எஃப்.எஸ். முறை ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர் இன்னார் என்று எழுதி வைக்கிறது. பழைய கணினியின் உரியவரைப் புதிய கணினி அறியாது. நிர்வாகி உரிமையோடு நுழைந்து கோப்புகளின் உரிமையை மாற்றிக்கொள்ளலாம். கடவுச்சொல்லிட்டுப் பூட்டி மறையாக்கியவற்றுக்கு மட்டும் இது பயன்படாது. நம் தட்டு விண்டோஸ் 98 காலத்தது. அது கையாண்ட பழைய முறையில் இந்தக் காவல் இல்லை.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. வேண்டிய கோப்புகளை மட்டும் பொறுக்காமல், முதலில் தட்டு முழுவதையும் அப்படியே படியெடுத்துவிட வேண்டும். இருபது ஆண்டு உறங்கிய தட்டு எத்தனை முறை விழிக்கும் என்று யார் அறிவார்? இன்றைய தட்டுகளின் அளவுக்கு முன் 40 கிகாபைட் ஒரு மூலைக்கும் காணாது. இந்த அறிவுரையை நாம் சோம்பலினால் பின்பற்றினோம். பொறுக்குவதற்குப் பொறுமை இல்லை. அதன் பயன் பின்னர் தெரிந்தது.

ஜம்பரை மாற்றிய அன்று இரவு தட்டு சுழன்றது. கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் திரையில் எழுந்தன. அவற்றுள் ஒன்றைத் திறந்தோம்.

திரையில் தமிழ் இல்லை. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் வழங்கும், தலையில் புள்ளியும் கோடும் சுமந்த ரோமன் எழுத்துகள் பக்கம் பக்கமாக நின்றன. தேங்காயெண்ணெய் உறைந்த கதை எங்கே, கிராண்ட் டிரங்க் எங்கே என்று தேடுவதற்குக் கூட வழியில்லை.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எண் எந்த எழுத்து என்பது மனிதர் செய்துகொள்ளும் ஒப்பந்தம். தமிழுக்கு அந்த ஒப்பந்தம் நெடுங்காலம் ஏற்படவில்லை. ஆங்கிலத்துக்கு வேண்டிய எண்கள் போக, ஐரோப்பிய மொழிகளுக்கென ஒதுக்கிய எண்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்து எழுத்துரு விற்றார்கள். ஒருவர் 'க' வைத்த இடத்தில் மற்றொருவர் 'ஞ' வைத்தார். எழுதிய எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் பிரெஞ்சு! 1962-இன் தட்டடுக்கு அடைந்த அதே கதிதான் இதுவும். எழுத்து பயணம் செய்தது, படிக்கும் முனை பின்தங்கிவிட்டது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றவர் பலர். இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக இஸ்கி என்னும் குறியீட்டு முறை வகுக்கப்பட்டு, 1991-இல் இந்தியத் தர நிர்ணயமாயிற்று. அரசாங்க அலுவலகங்களுக்கு வெளியே அது வேரூன்றவில்லை. உலகெங்கும் பரந்த தமிழ் ஆர்வலர் இணையத்தில் கூடி விவாதித்து டிஸ்கி என்ற முறையை அமைத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு டாம், டாப் என இரண்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. இதற்கிடையே, உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல் என்னும் யூனிகோடு 1991-இலேயே தோன்றி, இஸ்கியின் அமைப்பைத் தழுவித் தமிழுக்கும் 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் 2000-இல்தான் அது மேசைக் கணினித் திரைக்கு வந்தது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரவில்லை என்று தமிழறிஞர் குறை கூறினர். அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், எல்லா எழுத்துக்கும் இடமளிக்கும் டேஸ் 16 முறையையும் ஏற்று ஆணையிட்டது. பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும் தம் பதிப்புகளை யூனிகோடுக்கு மாற்றினார்கள்.

2001-இல் மாணவராயிருந்த நாம் இவற்றுள் எதையும் அறியோம். அச்சகத்தில் பணிபுரிந்த நண்பர் ஒருவர் கொடுத்த எழுத்துரு அழகாயிருந்தது, அதில் எழுதினோம். அவ்வெழுத்துருவின் பெயரும் நினைவில் இல்லை. இங்கேதான் நம் சோம்பல் கைகொடுத்தது. தட்டு முழுவதையும் படியெடுத்திருந்தோம் அல்லவா? பழைய விண்டோஸின் எழுத்துருக்கள் அடங்கிய உறையும் அதனோடு வந்திருந்தது. அதனுள் தேடி, ஒவ்வோர் எழுத்துருவாகப் புதிய கணினியில் நிறுவிப் பார்த்தோம். ஐந்தாவது எழுத்துருவை இட்டவுடன் ஐரோப்பியர் அனைவரும் மறைந்தனர். "நான் கும்பகோணத்தில் ரயில் ஏறியபோது" என்று திரை பேசியது.

அது போதாது. எழுத்துரு இல்லாத அடுத்த கணினியில் மீண்டும் பிரெஞ்சாகும். ஆகவே யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றும் நிரல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் அவை கண்மூடி எண்ணுக்கு எண் மாற்றிவிட முடியாது. பழைய முறையில் 'கொ' என்பதைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே எழுதினோம்: முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். யூனிகோடோ ஒலிக்கும் வரிசையைப் பின்பற்றுகிறது: முதலில் 'க', பின்னர் ஒகரக் குறி. நிரல் ஒவ்வொரு கொம்பையும் எடுத்து அடுத்த எழுத்தின் பின்னால் வைக்க வேண்டும். அவசரத்தில் இரண்டு முறை கொம்பு தட்டிய இடங்களில் எல்லாம் நிரல் தடுமாறியது. மாணவப் பருவத்துத் தட்டெழுத்துப் பிழைகளை நாற்பதைக் கடந்த கண்களால் திருத்திக்கொண்டு, ஒரு மாதம் மாலைகளைக் கழித்தோம். இருபத்தைந்து பேர் பேச்சு மீண்டது. மலர் ஒன்று அச்சிடும் ஆசையில் பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு நிரலில் செய்துவைத்த இரண்டு மட்டும் இன்னும் திறக்கவில்லை. அந்நிரலின் கடைசிப் பதிப்பு 2001-இல் வெளிவந்ததோடு சரி. அதன் இடத்தைப் பிடித்த நிரலும் 2012-க்குப் பிந்தைய பதிப்புகளில் அக்கோப்புகளை ஏற்பதில்லை. பழைய தட்டின் முழுப்படியைப் புதிய கணினிக்குள் ஒரு பாவனைக் கணினியாக எழுப்பி, பழைய விண்டோஸையும் பழைய நிரலையும் அதனுள்ளேயே ஓட்டலாம் என்கிறார் நண்பர். அவர் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறோம்.

உயிரோடிருக்கும் நால்வருள் ஒருவர், நாம் சிறுவயதிலிருந்தே பாட்டி என்று அழைக்கும் மூதாட்டியார். 1948-இல் மணப்பெண்ணாகத் தில்லி வந்தவர். அவர் பேச்சு மீண்டவற்றுள் இருந்தது. பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், மூன்றாம் பக்கத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"புது தில்லி ஸ்டேஷன் என்று யார் எழுதியது? நான் வந்து இறங்கியது பழைய தில்லியில். அன்றைக்கே உன்னிடம் சொன்னேனே, தம்பி."

வீடு திரும்பிக் கோப்பைத் திறந்து, 'புது' என்பதை அழித்துப் 'பழைய' என்று இட்டுச் சேமித்தோம்.